சீல் வைத்த வண்டி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் வேலுத்தாயின் பயமெல்லாம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். வளையம் ஒன்று மிச்சம் கிடக்கிறது. விரித்த பேப்பரின் மேல், கழற்றிப் போட்ட பழைய ரப்பர்களுக்கு நடுவில், கறுத்த எண்ணெய்க் கறைக்குள்ளே, வாய் பிளந்த கம்பி வளையம் ஒன்று தனியாகக் கிடக்கிறது. வண்டிக்குள்ளே இருக்க வேண்டியது வெளியே கிடக்கிறது. இதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ஆனால் வளையம் என்றால் எந்த வளையம் என்பார் புருசன். கம்பி என்றால் கொடிக் கம்பியா, கட்டிடக் கம்பியா என்பார். அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் இருக்கிறது. காலையில் கழற்றும்போது அவர் வாயாலேயே சொன்னார், லாக்கு என்றோ லாக்கர் என்றோ. காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை. பேர் தெரியாமல் வாயைத் திறந்தால் விஷயம் அதோடு போச்சு, அவள் சொன்ன பேர்தான் தெருத் தெருவாகச் சுற்றும். வண்டி சாய்ந்துவிடாமல் ஹேண்டில்பாரை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். ஏங்க, ஒண்ணு விட்டுப்போச்சு. எது விட்டுப்போச்சு? ஏங்க, அந்த ரெண்டுல ஒண்ணு. எந்த ரெண்டுல? அவள் புருசன் கோட்டைச்சாமி கீழே குத்தவைத்து உட்கார்ந்து, முன் சக்கரத்தின் அச்சைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பனியனில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ளே ஒரு மச்சம். இந்த இடத்தில் மச்சம் இருந்தால் வாகன யோகம் என்று யாரோ ஒரு ஜோசியக்காரன் சொன்னானாம். அவன் சொன்னதை யாரும் கேட்டதில்லை. இவர் சொல்லித்தான் ஊருக்கே தெரியும். வாகன யோகம். ஒழுகுகிற வண்டிக்கு ஒரு யோகம்.

சீல் விஷயத்தில் பட்டது போதாதா. முன் சக்கரத்துக்கு மேலே ரெண்டு பக்கமும் இறங்குகிற குழாயிலிருந்து எண்ணெய் கசிகிறது, அதற்குள்ளே போடுகிற ரப்பர் தேய்ந்துவிட்டது, கடையில் போய் ஃபோர்க் ஆயில் சீல் என்று கேள் என்று அவர்தான் அனுப்பினார். கேட்டாள், வாங்கினாள், தப்பில்லாமல்தான் கேட்டாள். திரும்பி வரும்போது குழாயடியில் நாகஜோதி பிடித்துக்கொண்டாள். "கையில என்னக்கா பொட்டலம்?" என்றாள். "வண்டிக்கு சீல் வைக்கணும்டி, அதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கையில் இருக்கிறது சீல், அதை வண்டியில் வைக்க வேண்டும், ஆக சீல் வைக்க வேண்டும். இதில் என்ன பிழை? பொழுது சாயுமுன் தெரு முழுக்க, கோட்டைச்சாமி வண்டிக்கு கோர்ட்டில் சீல் வைத்துவிட்டார்கள் என்று ஆகிப்போனது. ஏலக்காய் ஸ்டோர் முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "எவனையாச்சும் இடிச்சுப் போட்டியாப்பா, மறைக்காமச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி சோற்றில் கையை வைத்தபடி இவர் சிரித்த சிரிப்பு. கோபம் வந்து ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். சிரித்தார். மகள் வீட்டுக்குக் கம்பத்துக்குப் போன் போட்டுச் சிரித்தார். சம்பந்தி அம்மாவிடமே சொல்லிச் சிரித்தார். எதிர்வீட்டுத் தெய்வேந்திரன் இருக்கிறாரே, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறாதவர், அவர் காலையில் அவள் வாசல் தெளிக்கும்போதெல்லாம், "என்ன தங்கச்சி, சீல எப்ப ஒடைக்கிறாங்க?" என்று கேட்கிறார். இன்றைக்கும் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சினிமாக் கொட்டகையில் முன்வரிசை பிடித்த மாதிரி.

புருசன் படித்தவராம். பேச்சு எடுத்தால் ஐ.டி.ஐ.தான். ஃபிட்டர் படிப்பில் ஒரு வருசம் போனார், வாத்தியாரோடு சண்டை, அதோடு வந்துவிட்டார். வந்ததைச் சொல்லமாட்டார், போனதைத்தான் சொல்வார். "நீ ஆறாங்கிளாஸ், ஒனக்கு எங்க புரியப்போகுது" என்பது அவருக்கு வெற்றிலைபாக்கு மாதிரி, சாப்பிட்ட பிறகு ஒருதரம் போட்டால்தான் செரிக்கும். ஆறாங்கிளாஸ்தான். எஸ்டேட்டில் அம்மா அடுத்த பிள்ளையைப் பெற்றுப் படுத்தாள், இவள் பையைக் கொடியில் மாட்டினாள், அந்தப் பை அங்கேயே தொங்கி நைந்துபோனது. அதற்காக அவள் அழுததும் இல்லை. ஆனால் ஆறாங்கிளாஸ்காரிக்கும் கண் இருக்கிறது. ஸ்டோரில் உட்கார்ந்து இத்தனை காலம் ஏலக்காய் பிரித்த கண். வெடித்தது, பழுத்தது, பூச்சி அரித்தது என்று ஒதுக்கித் தள்ளிய கண். அவர் அதே ஸ்டோரில் தராசுக்குப் பக்கத்தில் நின்று மூட்டையை ஏற்று, இறக்கு என்று சொல்கிறவர். அதற்கு எந்தப் படிப்பு வேண்டும்? இப்போது செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்து ஒரு வீடியோ ஓடுகிறது. அதில் ஒரு வடக்கத்திக்காரன் ஹிந்தியில் பேசிக்கொண்டே இதே மாதிரி ஒரு வண்டியைப் பிரிக்கிறான், மாட்டுகிறான். இவருக்கு ஹிந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அவன் பேசப் பேச இவர் தலையை ஆட்டுகிறார். "ஆமா, கரெக்ட்டு" என்கிறார். "அதான், நான் நெனச்சேன்" என்கிறார். என்னத்தை நினைத்தார்? அவன் வேண்டாம் என்று சொல்கிறானோ வேண்டும் என்று சொல்கிறானோ யார் கண்டது? மார்க்கெட் பக்கம் மெக்கானிக் இருக்கிறான், காலையில் விட்டால் மத்தியானம் தந்துவிடுவான். அவனிடம் போகமாட்டார். ஒருநாள் அவன், "அண்ணே, முன் பிரேக்கப் பாத்துப் புடிங்க, ஆயில் எறங்குது" என்று சொல்லிவிட்டானாம். இவர் பிரேக்குக்கு இன்னொருத்தன் புத்தி சொல்வதா? அன்றோடு அந்தக் கடை வாசல் மிதிக்கவில்லை. மானஸ்தர். மானத்துக்குப் பின்னாடி உட்கார்ந்து மலை இறங்குகிறவள் அவள்.

வளையம் ரெண்டுதான் வந்தது. ரெண்டு வந்ததா? வேலுத்தாய் மறுபடியும் முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள், பாத்திரத்தை எண்ணி அடுக்குகிறவள் ஒன்று குறைந்தால் மறுபடி அடியிலிருந்து எடுக்கிற மாதிரி. இடது பக்கத்துக் குழாயைக் கழற்றினார். சாக்கடை மாதிரி நாறுகிற எண்ணெயைப் பழைய பெயிண்ட் டப்பாவில் கவிழ்த்தார். மேலே இருந்த சின்ன ரப்பர் மூடியை நெம்பினார். அதற்கு அடியில் கம்பி வளையம். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்ப, அது துள்ளிப் போய்த் தெய்வேந்திரனின் டீ டம்ளரில் ணங்கென்று பட்டது. "மாப்ள, என் கண்ணுக்கு சீல் வச்சுராத" என்று அவர் சொன்னார். அது ஒன்று. அதில் சந்தேகமே இல்லை, டம்ளர் சாட்சி. வலது பக்கத்தில் துள்ளவில்லை, சுலபமாக வந்தது. அவளிடம் கொடுத்தார். அவள்தான் துணியில் துடைத்துப் பேப்பரில் வைத்தாள். பேப்பரில் நகைக்கடை விளம்பரம், ஒரு பெண்ணின் மணிக்கட்டு, அந்த மணிக்கட்டின் மேலேயே வைத்தாள், வளையல் போட்ட மாதிரி இருந்தது, அதை நினைத்துத் தனக்குள் லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. அது ரெண்டு. மாட்டும்போது? இடது பக்கம் புது ரப்பரை உள்ளே தட்டி இறக்கி, அதன் மேல் வளையத்தை வைத்து அமுக்கினார். "டக்குன்னு உக்காந்துச்சு பாத்தியா" என்றார். பார்த்தாள். வலது பக்கம் ரப்பரை இறக்கினார். அப்போதுதான் போன் வந்தது, ஸ்டோரிலிருந்து யாரோ, நாளைக்கு எப்போது மலைக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "ஒழுகலெல்லாம் ஒண்ணுமில்ல, நம்மளே பாத்தாச்சு, வெளிய குடுத்தா கெடுத்துருவானுக" என்று பேசிக்கொண்டே சின்ன மூடியை எடுத்துப் போட்டுத் தட்டிவிட்டார். நடுவில் வளையம் இல்லை. வைக்கவே இல்லை. பேசுகிற ஜோரில் மறந்துபோனது. அப்போதே அவளுக்குத் தொண்டைவரைக்கும் வந்தது. வந்தது உள்ளேயே திரும்பிப் போயிற்று. ஒருவேளை வலது பக்கத்துக்கு அது வேண்டாமோ? ரெண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டு ஒரு பக்கம்தானே இருக்கிறது? ஆனால் வேண்டாதது என்றால் முன்னால் ஏன் இருந்தது? கம்பெனிக்காரன் வேலை இல்லாமலா வைத்தான்? இல்லை, புதுப் பொட்டலத்தில் ஒரு வளையமும் சேர்த்து வந்ததோ? வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்தவள் அவள். பெரிய ரப்பர் ரெண்டு, சின்ன ரப்பர் ரெண்டு, அவ்வளவுதான். அதற்குள்ளே இன்னொரு சனி. வளையம் இல்லாத வலது பக்கம்தான் பிரேக் தட்டு இருக்கிற பக்கம்.

போன தடவை இறங்கியது அவளுக்கு மறக்குமா. போடிமெட்டிலிருந்து கீழே வரும்போது மஞ்சு விலகி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டில் கொடுத்த பலாச்சுளை மடியில். அடுத்தடுத்து வளைவு. ஒரு வளைவில் எதிரே தக்காளி ஏற்றின வேன். இவர் முன் பிரேக்கைப் பிடிக்கிறார், பிடித்தது தெரிகிறது, கை நரம்பு புடைக்கிறது, வண்டி பாட்டுக்குப் போகிறது. எண்ணெய் குழாயில் இறங்கித் தட்டில் வழிந்து, தட்டு கண்ணாடி மாதிரி மின்னியதைப் பிறகுதான் பார்த்தாள். அந்த நேரத்தில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், ரோட்டோரத்தில் வெள்ளை அடித்த கல், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, மரத்தின் உச்சி மட்டும். மரத்தை உச்சியிலிருந்து பார்க்கிற உயரம். பின் கம்பியை அவள் பிடித்த பிடியில் நகம் ஒன்று பாதி பெயர்ந்தது. இவர் ரெண்டு காலையும் தரையில் ஊன்றி, செருப்பு தேயத் தேய, பின் பிரேக்கை எப்படியோ மிதித்து, வேனுக்கும் கல்லுக்கும் நடுவில் நிறுத்தினார். வேன்காரன் கேட்ட கேள்வியை வெளியே சொல்ல முடியாது. கீழே முந்தலில் வந்து டீ குடிக்கும்போது அதே கதை வேறு கதை ஆகிவிட்டது. "பிரேக்கே இல்லாம நிறுத்தினேன் பாரு, இது எவனுக்கு வரும்?" என்று டீக்கடைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பழைய ரவிக்கைத் துணியால் குழாயைத் துடைத்துவிட்டு, "வேர்த்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். வண்டிக்கு வேர்க்குமா? வேர்த்திருக்காம். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கத்தில் அந்த வெள்ளைக் கல் வருகிறது. கல் மட்டும்தான், வேறு ஒன்றும் வராது, ஆனால் அந்தக் கல்லே போதும். நாளை விடியக்காலம் மறுபடி அதே மலை. மேலே எஸ்டேட்டில் அவள் பிறந்த வீட்டுக் காளியம்மன் கோயிலில் பொங்கல். ஜீப்பில் போகலாம், எத்தனை ஜீப் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது, பஸ்ஸும் இருக்கிறது. சொல்லிப் பார்த்தாள். "வண்டிய வச்சுக்கிட்டு ஜீப்புல போறதா? ஒங்கண்ணன் என்ன நெனைப்பான்?" என்றார். அண்ணன் ஒன்றும் நினைக்கமாட்டான். அண்ணன் இவரை நினைப்பதே இல்லை. அதை இவரிடம் யார் சொல்வது.

சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லாமல் நாளைக்கு மூணாவது வளைவில், பிடித்து நிறுத்த வளையம் இல்லாத ரப்பர் பிதுங்கி, எண்ணெய் முழுக்கத் தட்டில் கொட்டினால்? அப்போது வெள்ளைக் கல் வேறு மாதிரி வரும். பேர் என்ன, பேர் என்ன. லா என்றுதான் ஆரம்பம். லாந்தர். லாடம். லா, லா. அவர் சக்கரத்தை மாட்டி முடித்துவிட்டார். பிரேக் கட்டையைத் தூக்கிப் பொருத்தினார். ஸ்பானர் திருகுகிற சத்தம் ஒவ்வொன்றும், இனி நேரமில்லை, இனி நேரமில்லை என்கிற மாதிரி இருந்தது. திருகி முடித்துவிட்டால் பிறகு கழற்றமாட்டார், கழற்றுவதென்றால் தோற்ற மாதிரி. "ஏங்க" என்றாள். "ம்." "அங்க ஒண்ணு வெளிய கெடக்குல்ல." "எது?" "அதாங்க, காலையில கழட்டுனீங்கள்ல. ரெண்டு கழட்டுனீங்க, ஒண்ணுதான் மாட்டுனீங்க." "எதத்தாண்டி சொல்ற?" என்று அவர் நிமிர்ந்தார். ஸ்டூலில் தெய்வேந்திரன் பேப்பரைத் தாழ்த்தினார். ரெண்டு பேரும் தன்னையே பார்ப்பது அவளுக்குப் பிடரியில் சுட்டது. விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும், ஆனால் கை ரெண்டும் ஹேண்டில்பாரில், விட்டால் வண்டி சாயும். நாக்கு முந்திக்கொண்டது. "லாக்கப்பு. ஒரு லாக்கப்பு வெளிய இருக்கு" என்றாள். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. தெய்வேந்திரன் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தார். "மாப்ள, மொதல்ல கோர்ட்டு சீலு, இப்ப லாக்கப்பு. தங்கச்சி ஒன்னய உள்ள தள்ளாம விடாது போலயே." கோட்டைச்சாமி சிரிக்கச் சிரிக்க எண்ணெய்க் கையோடு தொடையைத் தட்டினார். "லாக்குடி, லாக்கு. லாக்கப்புங்கிறா. ஏட்டையா வீட்ல பொண்ணு எடுத்திருந்தாகூட இப்படிப் பேசமாட்டா." எங்கிருந்தோ நாகஜோதிகூட எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள், எதற்கென்று தெரியாமலே சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு ஓய்கிற வரைக்கும் வேலுத்தாய் காத்திருந்தாள். சிரிப்பில் ஒரு நல்லது இருந்தது, அவருக்கு விஷயம் புரிந்திருந்தது. "அந்த லாக்குதாங்க" என்றாள். "வலது பக்கம் வைக்கலையே." "அது பழசு. புதுசு போட்டா பழசு மிஞ்சத்தானே செய்யும்?" "பொட்டலத்துல புதுசு எதுவும் வரலயே." கடைசி வார்த்தை அவள் காதுக்கே கேட்கவில்லை. தெய்வேந்திரன் உள்ளே பார்த்து, "ஏய், இங்க வா, இதக் கேளு" என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோட்டைச்சாமி வளையத்தைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்து ஒருதரம் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவருக்கும் ஏதோ தட்டுப்பட்டது போல அவளுக்குத் தோன்றியது. புருவம் லேசாகச் சுருங்கியது. உதடு ஏதோ எண்ணியது. ஆனால் எதிரே தெய்வேந்திரன் இருக்கிறார், அவர் வீட்டுக்காரியும் வந்து நிற்கிறாள், லாக்கப்பு என்று சொன்னவள் சொன்னது சரி என்று ஆகிவிட்டால் அவர் எங்கே போய் முகத்தை வைப்பார்? வளையத்தைச் சுண்டிச் சாக்கடையில் போட்டார். அது விழுந்த சத்தம்கூட வரவில்லை. அவளுக்கு அந்த நிமிசம் பயம் போய், பயம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இந்த மனுசன் செத்தாலும் சாவார், தன்னைப் பார்த்து ஊர் சிரிக்க விடமாட்டார். கூட ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு சாவார்.

வண்டியைக் கழுவினார். அழுக்குக் கையோடே முந்தானையைக் கேட்டார், அவள் கொடுக்கவில்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டார். முன்னால் ரெண்டு மூணு தரம் அழுத்திப் பார்த்தார். குழாய் இறங்கி ஏறியது, ஒரு சொட்டு இல்லை. "பாத்தியா" என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல். வாசலில் நின்று அழுத்தினால் ஒழுகாது, அவளுக்கே தெரியும். மலையில் ரெண்டு உடம்பு பாரத்தில் பள்ளத்தில் விழுந்து எழுந்தால்தான் தெரியும். பிறகு உள்ளே போய் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பளபளவென்று இருக்கிற குழாயில், புது ரப்பருக்கு நேர் மேலே, மூணு விரலால் சந்தனம் இழுத்தார், நடுவில் குங்குமம் வைத்தார். அந்தப் பக்கமும் அதே மாதிரி. சீல் கொடுத்த கடைக்காரன் அன்றைக்கு அவளிடம் கேட்டது ஞாபகம் வந்தது. "ஆயுத பூசைக்கு இந்தக் குழாயில சந்தனம் பூசுவீங்களாக்கா? பூசாதீங்க. காஞ்சா அது மணலு மாதிரி. ஏறி எறங்கும்போது சீலோட ஒதட்டக் கிழிச்சிரும், பாதி வண்டி அதுலதான் ஒழுகுது." வந்து சொன்னாள்தான். "சாமி காரியத்துல ஸ்பேர் பார்ட்ஸ்காரனுக்கு என்ன பேச்சு" என்றார். இப்போது அதே இடத்தில் அதே சந்தனம், வாங்கி மாட்டிய ரப்பரில் சூடுகூட ஏறவில்லை, அதற்குள் மறுபடி. சொன்னால் சாமியையும் சேர்த்துப் பேசியதாக ஆகும். ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். தட்டில் கற்பூரம் ஏற்றி வண்டிக்கு மூணு சுற்று சுற்றினார். கண்ணை மூடி நின்றார். பெண்டாட்டிக்கு அடங்காத மனுசன் இரும்புக்கு அடங்கி நிற்கிற நிற்பு. தெய்வேந்திரன்கூட மரியாதைக்கு ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிக்கரை உதைத்தார். வண்டி ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. பின் சீட்டைத் தட்டினார். "ஏறு. மெட்டுப் பாதையில ரெண்டு வளைவு ஏறி எறங்கிப் பாத்துட்டு வந்துருவோம். நாளைக்கு ஒனக்கும் பயம் இருக்காது."

ஏறு. இத்தனை வருசமாக ஏறு என்றால் ஏறித்தான் இருக்கிறாள். காலைத் தூக்காமல் ஒருச்சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கை அவர் தோளில், ஒரு கை கம்பியில். கால் தன்னாலேயே ஒரு அடி முன்னால் போயிற்று. தலை வலி என்று சொல்லலாம். மாத்திரை போடு என்பார். அடுப்பில் உலை என்று சொல்லலாம். இறக்கி வைத்துவிட்டு வா என்பார். பயமாக இருக்கிறது என்று சொல்லலாம், அதைவிட லாக்கப்பு என்று இன்னொருதரம் சொல்லலாம். எந்த வார்த்தையை எடுத்தாலும் அதைப் பிடித்துத் திருகி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், இவரும் எதிர்வீட்டு ஆளும். இவர்கள் வாயில் போட்டுத் திருக முடியாத வார்த்தை என்று ஒன்று இருக்கிறதா? கற்பூரத் தட்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. குங்குமம் ஈரமாக மினுங்கியது. வேலுத்தாய் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தாள். "நான் வரல" என்றாள். "ஏன்?" "நான் தூரம்."

சத்தமாகச் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை. தெய்வேந்திரன் சட்டென்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கோட்டைச்சாமியின் கை பின் சீட்டிலிருந்து எழுந்துகொண்டது, சீட்டு சுட்ட மாதிரி. "இப்பவா?" என்றார். "இப்பத்தான்." "வண்டியத் தொட்டியா?" "பூச போட்டதுக்கு அப்பறம் தொடல." அவர் வண்டியை ஒருதரம் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். ஐ.டி.ஐ.யில் இதற்குப் பாடம் இல்லை. "அப்ப நாளைக்குக் கோயிலு?" "நான் எப்படிக் கோயிலுக்கு வர்றது. நீங்க வேணா போய்ட்டு வாங்க." "ஒங்காளுக பொங்கலுக்கு நான் ஒத்தையில போய் ஒங்கண்ணன் மூஞ்சியப் பாக்கவா? போன் பண்ணிச் சொல்லிரு, வரலைன்னு." சொல்லிவிடுகிறேன் என்றாள். பங்குனியோடு அவளுக்கு நின்றுபோயிற்று. மாசம் மாசம் தள்ளி, அப்புறம் வராமலே போயிற்று. ஆசுபத்திரிக்குத் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள், இனிமேல் இல்லை என்றார்கள். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவள் ஒதுங்கி உட்காரவில்லை என்பது இந்த மனுசனுக்குத் தெரியவில்லை. எண்ணெய் ஒரு சொட்டு இறங்கினால் குனிந்து பார்க்கிற கண். காளிக்குத் தெரியும். அவள் கோயிலைச் சொல்லிப் பொய் சொன்னதற்கு அடுத்த பொங்கலுக்கு ஒரு கோழி கூடுதலாகக் கொடுத்துவிடலாம். காளியும் பொம்பளைதான்.

மூணு நாளைக்குச் சோறு ஆக்கக்கூடாது, அவர்தான் கடையில் வாங்க வேண்டும். அது வேறு சேர்ந்து கிடைத்தது. "பரோட்டாவா, இட்லியா?" என்று வண்டியில் இருந்தபடியே கேட்டார், இந்த வீட்டில் அவர் அவளிடம் அப்படிக் கேட்டு வெகுகாலம். "இட்லி போதும்" என்றாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. தெரு முனையில் இடது பக்கம் திரும்பினால் மலை, வலது பக்கம் திரும்பினால் பஜார். அவள் வாசலிலேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். சத்தம் வலது பக்கம் திரும்பிக் கடைத்தெரு இரைச்சலுக்குள் போய்க் கலந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் போனாள். பூசை அறைக் கதவைச் சாத்தினாள். பரணிலிருந்து பழைய கோரைப் பாயை இறக்கி, கொல்லைப்பக்கம் தாழ்வாரத்தில் உதறி விரித்து, தனக்கென்று ஒரு டம்ளரையும் தட்டையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள்.